அட்டன் ஸ்டேசனில் புதைந்து கிடக்கும் நம் கதை



சம்பளம் கிடைத்த கையோடு டவுனுக்குப் போகிறோம். அரிசி, மாவு, சாமான் வாங்குகிறோம். கொழும்பில் கடையில் நிற்கும் பிள்ளையை ஏற்றிவிட அட்டன் புகையிரத நிலையத்துக்குப் போகிறோம். டிக்கட் எடுத்து பெஞ்சில் குந்துகிறோம். கோச்சி வந்ததும் பிள்ளைக்குக் கை காட்டிவிட்டுத் திரும்புகிறோம். அந்த இடத்தைப் பற்றி வேறு என்ன நினைக்கிறோம்? ஒன்றுமில்லை. ஆனால் அந்த மேடையில் புதைந்து கிடப்பது வேறு யாருடைய கதையுமல்ல, நம்முடையதுதான். கொஞ்சம் தோண்டிப் பார்ப்போமா?

கோச்சி வருமுன்

நம் முன்னோர் முதன்முதல் வந்த காலத்தில் தேயிலையும் இல்லை, கோச்சியும் இல்லை. அது கோப்பிக் காலம். திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து பஞ்சம் பிழைக்கப் புறப்பட்டவர்கள் படகில் மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடைதான். ஏறக்குறைய 150 மைல். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே மாண்டு போனவர்கள் ஏராளம்.

கோப்பிக்குப் போட்ட பாதை, தேயிலைக்கு வந்தது

கோப்பி மூட்டைகளைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்க மாட்டுவண்டி போதவில்லை. அதனால் ரயில் வேண்டுமென்று துரைமார் விடாமல் கேட்டார்கள். 1867இல் கண்டிக்கும் 1874இல் நாவலப்பிட்டிக்கும் ரயில் வந்தது. அட்டனுக்கு வந்தது 1884இல். அடுத்த வருசம் நானுஓயாவுக்குப் போனது.

இதற்கிடையில் 1869இல் கோப்பி இலையில் ஒரு நோய் கண்டது. பத்துப் பதினைந்து வருசத்தில் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் போட்ட தேயிலை மலையெங்கும் பரவியது. ஆக, கோப்பியை ஏற்றக் கேட்ட கோச்சி அட்டனுக்கு வந்து சேர்ந்தபோது, ஏற்றுவதற்குத் தேயிலைப் பெட்டிதான் காத்திருந்தது!

அட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவே சிங்கமலைச் சுரங்கத்தில் கோச்சி நுழையும்போது பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள் அல்லவா? அதன் நீளம் அரைக் கிலோமீற்றருக்கும் அதிகம். இந்த மலைப்பாதைக்குக் கல்லுடைத்து மண் சுமந்தவர்களில் பெருந்தொகையானோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் சனங்கள். அடுத்த முறை சுரங்கத்தைக் கடக்கும்போது இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

வந்து இறங்கிய மேடை

1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார் ரயில் பாதையும் திறந்தார்கள். அதன் பிறகு, மண்டபம் முகாமில் தங்கவைத்து, ஊசி மருந்து கொடுத்து, கப்பலேற்றி, கோச்சியில் மலைக்குக் கொண்டு வந்தார்கள். அட்டன் மேடையில் குளிரில் நடுங்கியபடி, கங்காணிக்குப் பின்னால் மூட்டை முடிச்சோடு எத்தனை குடும்பம் இறங்கியிருக்கும்!

இறங்கும்போதே தலையில் கடனும் இருந்தது. பயணச் செலவு முன்பணமாகத் தொழிலாளியின் கணக்கில் ஏறியது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும். துண்டு என்றால், இவர் பேரில் இவ்வளவு கடன், அதைக் கட்டினால் ஆளை விடுகிறோம் என்று தோட்டம் எழுதிக் கொடுக்கும் சீட்டு. கடனும் மனுசனோடு சேர்ந்தே தோட்டம் மாறியது. 1921இல்தான் இந்த முறையைச் சட்டம் ஒழித்தது.

அழுது பிரிந்த மேடை

1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். பங்கு போட்டது காணியை அல்ல, மனுசரை.

அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை. அம்மா ஒரு பக்கம், கட்டிக்கொடுத்த மகள் மறு பக்கம். போகிறவர்களை வழியனுப்ப லயமே திரண்டு ஸ்டேசனுக்கு வரும். கோச்சி நகரும்போது ஜன்னலைப் பிடித்தபடி கூடவே ஓடுவார்கள். ‘அழுகைக் கோச்சி’ என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். தலைமன்னாரிலிருந்து ‘இராமானுஜம்’ கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஏற்றிச் சென்றது. யுத்தத்தால் 1984இல் கப்பல் நின்றது. தாத்தா பாட்டி வந்து இறங்கிய மேடையிலேயே பேரப்பிள்ளைகள் பிரிந்து போனார்கள்.

இப்போது நாம் செய்ய வேண்டியது

இது பழங்கதைதானே என்று விட்டுவிடாதீர்கள். 2003இல் வந்த சட்டம், 1964 ஒக்டோபர் 30 தொடக்கம் இங்கேயே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் வழி வந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கொடுத்தது. அந்த ஒரு திகதிக்கு எவ்வளவு பெறுமதி பார்த்தீர்களா? தகரப் பெட்டியில் கிடக்கும் பழைய பிறப்புச் சான்றிதழ், பதிவுத் துண்டு, கடவுச்சீட்டு, கடிதம் எதையும் அடுப்பில் போடாதீர்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு, கூரை ஒழுகாத இடத்தில் வையுங்கள்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் ஒரு போயா நாளில் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தோம், எந்த ஸ்டேசனில் இறங்கினோம், யார் யார் போனார்கள் என்று. படிக்கிற பிள்ளை அதை ஒரு கொப்பியில் எழுதட்டும். கம்பளைப் பக்கத்தில் பழைய லயன் அறைகளையே 2007இல் தொழிலாளர் நூதனசாலையாக்கியிருக்கிறார்கள். அம்மி, குடை, கூடை, பழைய பத்திரங்கள் என்று நாம் சாதாரணமாக நினைப்பதெல்லாம் வரலாறு என்பதை அங்கே போனால் காணலாம்.

ஸ்டேசன் சுவர் பேசாது. பாட்டி பேசுவாள். அவள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வோம்.