தூண்டில் மீனும் மரபணுச் சான்றும்

வெள்ளிக் கெண்டை 1959-ஆம் ஆண்டு ஜப்பானிலிருந்து இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. கூட்டு மீன் வளர்ப்பில் அது உழவர்க்குப் பெரிதும் பயன்படுகிறது. 1973-இல் இம்மீன் அமெரிக்காவின் ஆர்க்கன்சாஸ் மாநிலத்தை அடைந்தது. அங்கோ, பண்ணைகளிலிருந்து தப்பி மிசிசிப்பி ஆற்றுப்படுகையில் பெருகியது. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை உண்டு, ஏனைய மீன் குஞ்சுகளின் உணவைக் குறைத்துவிட்டது. அது மிச்சிகன் ஏரியினுள் நுழையாதிருக்க, சிகாகோ அருகே கால்வாயில் 2002-இல் மின் தடுப்பு இயக்கத்திற்கு வந்தது.

ஆயினும் ஏரிக்குச் செல்லக் கால்வாய் ஒன்றே வழியன்று. ஐம்பெரும் ஏரிப் பகுதியில் தூண்டிலுக்கு இரையாகச் சிறு மீன்கள் உயிருடன் விற்கப்படுகின்றன. மீன் பிடிப்போர் எஞ்சிய இரையை ஏரியிலேயே கொட்டிவிடுவதுண்டு. இரை மீன்களில் ஒரு பகுதி ஆறுகளில் வலைவீசிப் பிடிக்கப்படுவதால், அவற்றுடன் வெள்ளிக் கெண்டைக் குஞ்சுகளும் கலக்கக்கூடும். விரலளவுக் குஞ்சுகளைக் கண்ணால் பிரித்தறிதல் வல்லுநர்க்கும் எளிதன்று. இனம் காண இயலாதவிடத்துத் தடைச் சட்டம் பயன் தராது.

இக்குறையைப் போக்க மரபணுச் சோதனை உதவுகிறது. உயிரணுவின் இழைமணியில் உள்ள ஒரு மரபணுவின் ஏறத்தாழ 650 எழுத்துகள் கொண்ட பகுதி, பெரும்பாலான இனங்களில் வேறுபடுகிறது. அதனை இன அடையாளமாகக் கொள்ளலாமெனக் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட்டும் அவர்தம் குழுவினரும் 2003-இல் முன்மொழிந்தனர். துடுப்பின் சிறு துண்டே சோதனைக்குப் போதுமானது. மீனைத் தொடாமலும் ஆராயலாம்: மீனின் சளியும் கழிவும் கலந்த தொட்டி நீரை வடிகட்டி, அதிலுள்ள டி.என்.ஏ.வைப் பன்மடங்காக்கிச் சோதிக்கின்றனர்.

இம்முறைக்கு வரம்புகளும் உண்டு. நீரிலுள்ள டி.என்.ஏ. முன்னர் அத்தொட்டியில் இருந்த மீனுடையதாகவும் இருக்கலாம். ஆதலின் அது ஐயத்தை எழுப்புமேயன்றி முடிவான சான்றாகாது. இழைமணி தாய் வழியே வருவதால், கலப்பின மீனின் தந்தை இனத்தை அது காட்டாது. அதற்கு உட்கருவின் மரபணுக் குறிகளையும் ஆராய்தல் வேண்டும்.

இந்தியாவிற்கும் இதில் பாடம் உண்டு. வளர்க்கத் தடை செய்யப்பட்டுள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தியின் குஞ்சுகள் நாட்டுக் கெளுத்திக் குஞ்சுகளை ஒத்திருக்கின்றன. குஞ்சு வாங்கும் உழவர் ஏமாறாதிருக்கவும், ஆற்று மீன் வளம் அழியாதிருக்கவும், விற்பனை நிலையிலேயே இனத்தை உறுதி செய்தல் இன்றியமையாததாகும். ஓர் அயல் இனம் ஆற்றில் பெருகிய பின்னர் அதனை முற்றிலும் அகற்றுவது அரிது.