ஒரு பானைச் சோறும் ஓர் இணையதளமும்

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பர் நம் முன்னோர். சோற்றுக்கு இது பொருந்தும். நூல்களுக்குப் பொருந்துமா? பொருந்தாது என்பதை நான் பட்டு உணர்ந்தேன்.

பலருடைய கருத்தைத் திரட்டிப் பிறருக்கு வழிகாட்டுவது புதிய பழக்கம் அன்று. 1979-இல் நியூயார்க் நகரில் ஜகாட் தம்பதியர் தம் நண்பர்களிடம் உணவகங்களைப் பற்றிக் கேட்டுத் தொகுத்தனர். அத்தொகுப்பே பின்னர்ப் புகழ் பெற்ற வழிகாட்டி நூலாயிற்று. 1990-இல் இங்கிலாந்தில் கோல் நீதம் என்பவர் தொடங்கிய திரைப்படப் பட்டியலே இன்று உலகம் அறிந்த ஐ.எம்.டி.பி. தளம். இரண்டுக்கும் முதல் மூலதனம் பணம் அன்று, ஆர்வமே!

எங்கள் நூலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. நூலைத் திருப்பித் தருபவர் அதில் 5-க்கு இத்தனை என்று மதிப்பெண் எழுத வேண்டும். சென்ற ஆண்டு ஒரு நாவலை எடுத்தேன். இருபது பக்கம்கூடப் படிக்காமல், 'சலிப்பு' என்று எழுதி 1 மதிப்பெண் இட்டேன். அதன்பின் அந்நூலை எவரும் தொடவில்லை. கோடை விடுமுறையில் அதை முழுமையாகப் படித்தபோது கண் கலங்கினேன். என் அவசரத்தால் எத்தனை தோழியர் ஒரு நல்ல நூலை இழந்தனர்!

ஆகவே, நோட்டுக்குப் பதிலாக இணையதளம் ஒன்று அமைக்கலாம் என்று கணிப்பொறி ஆசிரியையிடம் கேட்டோம். செலவு மிகக் குறைவு என்று அறிந்து வியந்தோம். பக்கங்களை இயக்கும் பி.எச்.பி. மொழியும், விவரங்களைச் சேமிக்கும் எஸ்கியூலைட் என்ற தரவுத்தளமும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆய்வகத்தில் ஒதுக்கி வைத்திருந்த பழைய கணிப்பொறியே போதுமானதாயிற்று. பள்ளிக்குள் மட்டும் இயங்குவதால் தளப் பெயருக்கும் வாடகை இல்லை. விவரங்கள் யாவும் ஒரே கோப்பில் அடங்குவதால், வாரம் ஒரு முறை அதைப் பென்டிரைவில் நகல் எடுத்தால் இழப்புக்கு அஞ்ச வேண்டியதில்லை.

தரவுத்தளத்தில் மூன்று அட்டவணைகள் உள்ளன: நூல்கள், மாணவியர், மதிப்பெண்கள். ஒரு மாணவி ஒரு நூலுக்கு ஒரு முறை மட்டுமே மதிப்பெண் இடலாம். பின்னர் மனம் மாறினால் அதையே திருத்தலாம். எழுதும் கருத்தை ஆசிரியை படித்த பின்னரே தளம் வெளியிடும்.

இனி முக்கியமான கணக்கிற்கு வருவோம். வெறும் சராசரி நம்மை ஏமாற்றிவிடும். ஒருவர் மட்டும் 5 இட்ட நூல், நாற்பது பேர் படித்துச் சராசரி 4.5 பெற்ற நூலை முந்திவிடும் அல்லவா? இதற்கு ஒரு வழி உண்டு. ஒவ்வொரு நூலுக்கும் பொதுச் சராசரியில் பத்துக் கற்பனை வாக்குகளை முதலிலேயே சேர்த்துவிட வேண்டும். பொதுச் சராசரி 3.5 என்று கொள்வோம். முதல் நூலுக்கு 35-உடன் 5-ஐக் கூட்டி 11-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 3.6 வரும். இரண்டாம் நூலுக்கு 35-உடன் 180-ஐக் கூட்டி 50-ஆல் வகுத்தால் 4.3 வரும். உண்மையான வாக்குகள் பெருகப் பெருகக் கற்பனை வாக்குகளின் வலிமை குறையும். ஐ.எம்.டி.பி. தளத்தின் சிறந்த 250 படங்களின் பட்டியலும் இத்தகைய கணக்கையே பின்பற்றுகிறது.

இம்முறை அன்றே இருந்திருந்தால், நான் இட்ட 1 மதிப்பெண் அந்த நாவலை 3.3-க்கு மட்டுமே இறக்கியிருக்கும்; யாரேனும் அதை எடுத்துப் படித்திருப்பர். தளம் தொடங்கிய நாளில் என் முதல் வேலை அந்த மதிப்பெண்ணைத் திருத்தியதுதான்.

ஒரு பானையில் உள்ள அரிசி எல்லாம் ஒரே நெருப்பில் வேகிறது. மனிதர் மனம் அப்படியன்று. எனவே தோழியரே, பலர் சொல் கேட்போம். நம் சொல்லைப் பொறுப்புடன் சொல்வோம். கணக்கு ஒருவரின் அவசரத்தைத் தாங்கிக்கொள்ளும். எல்லாரும் அவசரப்பட்டால் எந்தக் கணக்கும் காப்பாற்றாது!