ஒரே கோப்பு, பல கணினிகள்

அசெம்பிளி மொழியில் 'இப்படியானால் இதைச் செய்' என்பதை இரண்டு கட்டங்களில் சொல்லலாம். நிரல் ஓடும்போது சில்லு சரிபார்க்கலாம். அல்லது நிரலை எந்திரக் குறியீடாக மாற்றும்போதே அசெம்பிளர் சரிபார்த்துவிடலாம். பின்னதுதான் நிபந்தனைத் தொகுப்பு. நிபந்தனை பொருந்தாத வரிகளை அசெம்பிளர் தாண்டிப் போய்விடும். அவற்றுக்காக ஒரு பைட்டுகூட நினைவகத்தில் செலவாகாது. இதற்கு நல்ல சாட்சி, 2025-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட, 6502 சில்லுக்கான பேசிக்கின் மூலநிரல். 1970-களில் எழுதப்பட்ட அந்த ஒரே கோப்பில் கிம், ஓஎஸ்ஐ, கமோடோர், ஆப்பிள் கணினிகளுக்கான வடிவங்கள் எல்லாம் அடக்கம். தொடக்கத்தில் 'ரியல்ஐஓ' என்ற பெயருக்கு 3 என்று மதிப்புக் கொடுத்தால் கமோடோர், 4 என்றால் ஆப்பிள். 0 என்றால், 6502 சில்லே இல்லாமல் பிடிபி-10 கணினியில் பாவனையாக ஓட்டிப் பார்க்கலாம்.

இதையே நிரல் ஓடும்போது சோதித்தால் என்ன என்று கேட்கலாம். கமோடோரின் ரோமில் பதித்த பேசிக் ஒருநாளும் ஆப்பிளாக மாறப் போவதில்லை. விடை மாறாத கேள்வியை ஒவ்வொரு முறையும் கேட்பது வீண்வேலை. அதைவிட, மற்றக் கணினிகளுக்கான வரிகளையும் சில கிலோபைட்டு ரோமுக்குள் சுமக்க வேண்டிவரும்.

ஒரு பெயரைச் சொன்னதும் பல வரிகளாக விரியும் மேக்ரோவோடு சேரும்போதுதான் நிபந்தனைத் தொகுப்புக்கு முழு வலு வருகிறது. 6502-இன் நிபந்தனைத் தாவல் 2 பைட்டு. ஆனால் முன்னே 127, பின்னே 128 பைட்டுக்கு மேல் எட்டாது. தூரம் கூடினால், நிபந்தனையைத் தலைகீழாக்கி, ஒரு 3 பைட்டு நேரடித் தாவலையும் சேர்க்க வேண்டும். மொத்தம் 5 பைட்டு. மேக்ரோவுக்குள் ஒரு நிபந்தனை வைத்துவிட்டால், தூரத்தைக் கணக்கிட்டு அசெம்பிளரே குட்டையா நெட்டையா என்று தேர்ந்துகொள்ளும். பின்னால் கடந்துவந்த இடத்துக்குத் தாவும்போது இது சிக்கலில்லை. முன்னால் இனி வரப்போகும் இடம் என்றால் தூரம் இன்னும் தெரியாது. அங்கே பெரும்பாலும் நெட்டையையே எழுதிவிடுவார்கள்.

நிபந்தனைகள் பெருகினால் நிரலைப் படிக்கவே முடியாது என்ற குறை நியாயமானதுதான். அதற்காகக் கணினிக்கொரு கோப்பு வைத்தால் ஒரே பிழையை ஒவ்வொன்றிலும் தனித்தனியாகத் திருத்த வேண்டும். ஒன்று விட்டுப்போவது உறுதி. நிபந்தனைகளை நிரலெங்கும் தூவாமல் மேக்ரோக்களுக்குள் அடக்குவதே மேல். அதிலும் ஓர் ஆபத்து உண்டு: யாரும் தொகுக்காத பகுதியில் உள்ள பிழை யார் கண்ணிலும் படாது. ஒன்றையொன்று சாராத, ஆம்-இல்லை என இரண்டே நிலை கொண்ட ஐந்து நிபந்தனைச் சுவிட்சுகள் என்றாலே 32 வடிவங்கள். ஒரு வரியைத் திருத்தினாலும், வெளியே கொடுக்கப்போகும் வடிவங்கள் அத்தனையையும் தொகுத்துப் பார்த்துவிடுங்கள்.