உடல் உழைப்பும் பக்கவாதமும்

நாள்தோறும் பல கிலோமீட்டர் நடப்பவரையும், சைக்கிளில் ஊர் ஊராகச் செல்பவரையும் பக்கவாதம் அணுகாது என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. இது பாதி உண்மையே. லண்டன் பஸ்களில் படியேறி இறங்கும் கண்டக்டர்களைவிட, அமர்ந்தே பணிபுரியும் டிரைவர்களை இருதய நோய் மிகுதியாகத் தாக்குவதை 1953-இல் ஜெரி மாரிஸ் குழுவினர் எடுத்துக்காட்டினர். உடலியக்கம் பக்கவாத அபாயத்தையும் குறைக்கும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆயினும், குறைக்குமேயன்றி அறவே நீக்காது.

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ இந்நோய் விளைகிறது. இரண்டிற்கும் தலையாய காரணம் உயர்ந்த இரத்த அழுத்தம். இந்தியா உட்பட 22 நாடுகளில் நடைபெற்று 2010-இல் வெளியான ஆய்வும் இதனையே வலியுறுத்திற்று. இவ்வழுத்தம் பெரும்பாலும் வலி தருவதில்லை, வேலையைத் தடுப்பதுமில்லை. தோளின் வலிமையைக் கொண்டு குழாயின் நிலையை அறிய இயலாது. அளந்தே அறிதல் வேண்டும். சைக்கிளை விட்டு இறங்கியவுடன் அளந்தால் கணக்குப் பிழைபடும். ஐந்து நிமிடமேனும் அமர்ந்திருந்து அளக்க வேண்டும். வெவ்வேறு நாட்களில் 140/90 அல்லது அதற்கு மேல் காணின் மருத்துவரை நாடுக. உடல் நன்றாயிருக்கிறது என்று மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுவோர் பலர்; அழுத்தத்தைத் தாழ்த்தி வைத்திருப்பது அம்மாத்திரையே என்பதை அவர்கள் உணர்வதில்லை.

வியர்வை சிந்துவோர்க்கு உப்பு தாராளமாக வேண்டும் என்பதும் ஆராயாது கொள்ளப்பட்ட கருத்து. உலக சுகாதார ஸ்தாபனம் கூறும் வரம்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு. ஊறுகாயும் அப்பளமும் சேர்ந்த நம் உணவு பெரும்பாலும் இதனைக் கடந்துவிடுகிறது. களைப்பாறப் பிடிக்கும் பீடியைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை. அதனை விட்டொழித்தல் வேண்டும்.

மணிக்கட்டில் நாடியை ஒரு நிமிடம் தொட்டுப் பார்த்தலும் பயனுடையது. துடிப்பு ஒழுங்கின்றித் தாறுமாறாக இருப்பின், இருதய மேலறை நடுக்கம் இருக்கக்கூடும். இது பக்கவாத அபாயத்தை ஏறத்தாழ ஐந்து மடங்காக்குவது. பல்லாண்டு நெடுந்தூர ஓட்டம் பயின்றோரிடமும் இது காணப்படுகிறது.

உழைப்பாளர் எளிதில் ஏமாறுவது ஓரிடத்தில். திடீரென ஒரு கை மரத்து, அல்லது நாக்குக் குழறி, சில நிமிடங்களில் சரியாகிவிடும். சுமை தூக்கியதால் வந்தது எனக் கருதி அவர் வேலைக்குத் திரும்புவார். பெருந்தாக்குதலுக்கு முன்னறிவிப்பாக அது இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குறி நீங்காதாயின் எண்ணெய் தேய்த்துக் காலங்கடத்தலாகாது. அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக 4½ மணி நேரத்திற்குள், அதுவும் மூளையை ஸ்கேன் செய்து இரத்தக் கசிவு இல்லையென்று கண்ட பின்னரே செலுத்துவர். ஆகவே ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே நேராகக் கொண்டுசெல்க. நோயாளி கடைசியாக நலமுடன் காணப்பட்ட நேரத்தைக் குறித்துக்கொள்க. மருத்துவர் முதலில் வினவுவது அதுவே.