இந்தக் கோடியில் பாரீஸ், அந்தக் கோடியில் துருக்கி

சார்லமேன் சக்கரவர்த்தியின் கற்பனை உலகம் கொச்சித் தீவுகளில் இன்னமும் தமிழில் பாடிக்கொண்டிருக்கிறது. பாடுகிறவர்களில் பலருக்குப் பொருள் தெரியாது. பொருள் தெரியக்கூடிய நமக்கோ, அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

மரப்பலகை மேடை. அதன் இரு கோடிகளிலும் உயரமான இரண்டு திட்டுகள், ஏறி இறங்க ஏணிப் படிகள். ஒரு திட்டில் பிரான்ஸ் தேசத்துச் சக்கரவர்த்தி அமர்ந்திருக்கிறார். மற்றதில் துருக்கி ராஜா. இருவருக்கும் தலையில் கிரீடம், உடம்பில் ஜரிகை தைத்த வெல்வெட் அங்கி, இடுப்பில் வாள். நடுவில் கிடக்கும் சில கஜ தூரப் பலகைதான் கடல், மலை, காடு, போர்க்களம் எல்லாம். சண்டை தொடங்கியதும் வீரர்கள் பாடிக்கொண்டே பலகையை மிதிக்கிறார்கள். செண்டையின் ஓசையையும் மீறி அந்த மிதி கேட்கிறது.

இதுதான் சவிட்டு நாடகம். வடக்கே சாவக்காட்டிலிருந்து தெற்கே கொல்லம் வரை, கேரளக் கடற்கரையின் லத்தீன் கத்தோலிக்கர்கள் தலைமுறை தலைமுறையாக ஆடிவரும் கலை. 'சவிட்டு' என்றால் மிதி என்று கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் பேச்சில் அந்தச் சொல் இன்றும் இருக்கிறது.

ஆனால், தமிழ் வாசகருக்கு ஆச்சரியம் தருவது இந்த ஒரு சொல் மட்டுமல்ல. பழைய சவிட்டு நாடகங்களின் மொழியே தமிழ்தான். மலையாளம் கலந்த தமிழ் என்று சொல்வது இன்னும் சரி. இவற்றில் புகழ்பெற்ற 'காறல்மான் சரித்திர'த்தை எழுதியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்ற தமிழர் என்பது மரபு. 'பிரிஜீனா' நாடகத்துக்குச் சொல்லப்படும் பெயர் வேதநாயகம் பிள்ளை. அதுவும் நமக்குப் பழகிய பெயர்தான். நாடகம் சொல்லிக்கொடுக்கும் ஆசானுக்கு அங்கே 'அண்ணாவி' என்று பெயர். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மட்டக்களப்பிலும் கூத்துப் பழக்குகிறவர் அண்ணாவியார். கதையை நடத்திச் செல்லும் கோமாளி கட்டியக்காரன். நம் தெருக்கூத்துக் கட்டியங்காரனின் உடன்பிறப்பு.

இப்படித் தமிழ் பேசுகிற அந்தக் காறல்மான் யார்?

யானை அனுப்பிய எதிரி

கி.பி. 768-இல் பிராங்க் மக்களின் அரசனாகி, 800-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று ரோமாபுரியில் சக்கரவர்த்தியாக முடிசூட்டப்பட்டு, 814-இல் மறைந்த சார்லமேன்தான் அவர். ஸ்பானியரும் போர்த்துக்கீசியரும் அவரைக் கார்லோஸ் மாக்னோ என்றனர். அது கொச்சிக்கு வந்து காறல்மான் ஆனது.

நிஜ சார்லமேனுக்கும் மேடைக் காறல்மானுக்கும் உறவு பெயரளவில்தான். 778-இல் ஸ்பெயினிலிருந்து திரும்பிய சார்லமேனின் பின்படை, பிரனீஸ் மலைக் கணவாயில் தாக்கி அழிக்கப்பட்டது. இறந்தவர்களில் ரோலண்ட் என்ற தளபதியும் ஒருவர். தாக்கியவர்கள் அந்த மலைப்பகுதியின் பாஸ்க் மக்கள். அவர்களும் கிறிஸ்தவர்கள்தான் என்பது பல வரலாற்றாசிரியர்களின் கருத்து. ஏறத்தாழ 300 ஆண்டுகள் கழித்துப் பிரெஞ்சுப் பாணர்கள் இதைப் பாடியபோது பாஸ்க்குகள் காணாமல் போய், லட்சக்கணக்கான முஸ்லிம் வீரர்கள் வந்துவிட்டார்கள். சக்கரவர்த்தியைச் சுற்றிப் பன்னிரண்டு மாவீரர்கள் முளைத்தார்கள். அரக்கர்கள் வந்தார்கள். மந்திர வாள்கள் வந்தன. அஞ்சலிக்கா என்ற பேரழகி கிழக்கு தேசத்திலிருந்து வந்து வீரர்களின் புத்தியைப் பேதலிக்கச் செய்தாள்.

உண்மையில் சார்லமேன் பாக்தாத் கலீபா ஹாரூன் அல் ரஷீதுடன் நட்புப் பாராட்டியவர். கலீபா அவருக்கு அன்பளிப்பாக அனுப்பிய யானை 802-இல் ஆகன் நகரத்து அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தது. துருக்கிப் பேரரசு அப்போது பிறக்கவே இல்லை. ஆனால், கனவு உலகின் வரைபடத்தில் இதற்கெல்லாம் இடமில்லை. அங்கே பிரான்சுக்கு எதிரே துருக்கி. ரோமுக்கு எதிரே பாரசீகம். இடையில் பெயர் தெரியாத காடுகளும் கோட்டைகளும்.

கப்பல் ஏறிய கதை

16-ஆம் நூற்றாண்டின் முதல் கால் பகுதியில் இந்தக் கதைகள் ஸ்பானிய மொழியில் உரைநடைப் புத்தகமாக அச்சாகி, சந்தைக்குச் சந்தை விற்றன. அதே காலத்தில்தான் ஐபீரியக் கப்பல்கள் உலகைச் சுற்றிக்கொண்டிருந்தன. 1500-இல் போர்த்துக்கீசியர் கொச்சிக்கு வந்தனர். மிளகுக்காக வந்தவர்கள் மதத்தையும் கதைகளையும் சேர்த்தே இறக்கினார்கள்.

இறக்கிய துறைமுகங்கள் பல. பிலிப்பைன்ஸில் கிறிஸ்தவ ராஜ்யமும் மூர் ராஜ்யமும் மோதும் 'மோரோ மோரோ' நாடகங்கள் வேரூன்றின. ஆப்பிரிக்காவின் மேற்கே உள்ள சான் தோமே தீவில் 'சிலோலி' என்ற நாடகத்தை இன்றும் ஆடுகிறார்கள். பல்தசார் தியாஸ் என்ற பார்வையற்ற போர்த்துக்கீசியக் கவிஞர் 16-ஆம் நூற்றாண்டில் எழுதியது அது. சார்லமேனின் மகன் ஒரு கொலை செய்துவிடுகிறான். கொலையுண்டவனின் உறவினர் நீதி கேட்டு அரசவைக்கு வருகிறார். பெற்ற மகனுக்குத் தண்டனை விதிப்பாரா சக்கரவர்த்தி? மனுநீதிச் சோழனை அறிந்த நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த மக்கள், தங்கள் எஜமானர்களின் கதையிலிருந்து தங்களுக்கு வேண்டிய கேள்வியை எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

கொச்சியில் நடந்ததும் ஒருவகையில் அப்படித்தான். 1599-இல் கொச்சிக்கு அருகே உதயம்பேரூரில் கூடிய திருச்சபை மாநாடு, கிறிஸ்தவர்கள் இந்துக்களின் விழாக்களிலும் ஆட்டங்களிலும் கலந்துகொள்வதைத் தடுத்தது. ஆட்டத்தைத் தடுக்கலாம், ஆடும் கால்களை என்ன செய்வது? அந்த வெற்றிடத்தை நிரப்பவே சவிட்டு நாடகம் பிறந்தது என்பது பரவலான கருத்து. இப்போது கிடைக்கும் நாடகங்கள் அதற்கும் பிற்பட்டவை என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. எப்படியானாலும், கதையும் உடையும் ஐரோப்பாவிலிருந்து வந்தன. காலடியும் தாளமும் உள்ளூரிலிருந்து வந்தன. கலாசம், இடக்கலாசம், கவித்தம் என்று அடவுகளுக்குப் பெயர். முக்கியப் பாத்திரங்களுக்கு ஒரு மிதி, மற்றவர்களுக்கு வேறு மிதி. தொடக்கத்தில் சிறுவர்கள் ஆடும் தோடயம், முடிவில் மங்களம். பெண் வேடங்களையும் அந்நாளில் ஆண்களே கட்டினார்கள்.

அந்தக் காலத்து மீனவருக்கும் படகோட்டிக்கும் துருக்கி என்பது வெறும் கதையாக இருந்திருக்காது. கடலில் சாமூதிரியின் குஞ்ஞாலி மரைக்காயர்கள் போர்த்துக்கீசியரை எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருந்தார்கள். நான்காம் குஞ்ஞாலி 1600-இல் கோவாவில் கொல்லப்பட்டார். இன்று நாம் அவரைச் சுதந்திர வீரராகக் கொண்டாடுகிறோம். போர்த்துக்கீசியரின் கதையில் அவர்தான் எதிரி. சவிட்டு நாடகத்தைப் பார்க்கும்போது இதையும் நினைவில் வைப்பது நல்லது. தூர தேசத்துப் போர் ஒன்றைக் கொண்டுவந்து அண்டை வீட்டுக்காரருக்கு எதிராக நிறுத்திய சரக்கும் அந்தக் கப்பலில் இருந்தது.

ஏன் தமிழ்?

மலையாள நாட்டுக் கிறிஸ்தவர்களுக்குத் தமிழில் ஏன் நாடகம்? இதற்கு விடை கொச்சியிலேயே அச்சாகியிருக்கிறது. ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் பாதிரியாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் தமிழில் அச்சானது. அடுத்த ஆண்டே, 1579-இல், 'கிரீசித்தியானி வணக்கம்' கொச்சியில் தமிழில் அச்சானது. தூத்துக்குடி முத்துக்குளித்துறையிலிருந்து கொல்லம், கொச்சி வரை ஒரே கடற்கரையாகக் கருதிய திருச்சபைக்கு, எழுத்தில் நிலைபெற்ற தமிழ் வசதியான மொழியாக இருந்தது. அதே வழியில் அண்ணாவிகளும் வந்தார்கள்.

தமிழ் பேசும் மற்றக் கடற்கரைகளிலும் இதே உலகம் இருந்தது. மன்னார்க் கத்தோலிக்கக் கூத்துகளில் ஒன்றின் பெயர் 'எண்டிறீக்கு எம்பரதோர்'. எம்பரதோர் என்பது சக்கரவர்த்தியைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல். 'ஞானசவுந்தரி' யாழ்ப்பாணத்திலும் ஆடப்பட்டது, கொச்சியிலும் ஆடப்பட்டது. 'ஜெனோவா' கதையும் சவிட்டு மேடை ஏறியிருக்கிறது. தமிழர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னால் 1953-இல் எம்.ஜி.ஆர். நடித்த படம் நினைவுக்கு வரும். அவர் நடித்த ஒரே மலையாளப் படமும் அதுதான். இரு மொழிகளிலும் எடுக்கப்பட்டது. ஜெனோவாவின் மூலக்கதையில் கணவன் மனைவியை விட்டுப் போருக்குப் போவது சார்லஸ் மார்ட்டெலின் படையில். அவர் வேறு யாருமல்ல, காறல்மானின் பாட்டனார்!

15 இரவுகள், சில நிமிடங்கள்

காறல்மான் கதையை முழுவதும் ஆட 15 இரவுகள் வேண்டும். இன்று 15 இரவுகள் யாருக்கு இருக்கின்றன? ஒரே இரவு, பிறகு சில மணி நேரம், பிறகு ஒரு மணி நேரம் என்று அந்த ராஜ்யங்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. 1964-இல் கோதுருத்தைச் சேர்ந்த ஆசிரியை சபீனா ராபி மலையாளத்தில் எழுதிய 'சவிட்டு நாடகம்' நூல்தான், படித்தவர்கள் ஏளனமாகப் பார்த்த இந்தக் கலையை ஆய்வுக்குரியதாக்கியது. அண்ணாவிகள் வீட்டுச் சுவடிகளையும் வழக்கிலிருந்த பாடல்களையும் தேடிப்போய் அவர் பதிவு செய்திராவிட்டால் இழப்பு இன்னும் பெரிதாகியிருக்கும்.

பிறகு எதிர்பாராத இடத்திலிருந்து உயிர் வந்தது. 2012-13 கல்வியாண்டில் கேரளப் பள்ளிக் கலைவிழாவின் போட்டிப் பட்டியலில் சவிட்டு நாடகம் சேர்க்கப்பட்டது. அதுவரை கடற்கரையைத் தாண்டாத கலையை, கடலையே பார்க்காத மலையோரப் பள்ளி மாணவ மாணவியரும் பயிலத் தொடங்கினார்கள். ஆசான்களுக்குத் தேவை கூடியது. தையற்காரர்களுக்கும் வேலை வந்தது. ஆனால், போட்டி மேடையில் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதற்குள் ராஜா வர வேண்டும், தூது போக வேண்டும், போர் முடிய வேண்டும். மிதியும் பளபளப்பும் தப்பிவிடுகின்றன. முதலில் வெட்டுப்படுவது பாட்டு. பாட்டோடு போவது தமிழ்.

புதிதாக எழுதப்படும் நாடகங்கள் மலையாளத்தில் இருக்கின்றன. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தன் மொழியில் ஆட எந்தச் சமூகத்துக்கும் உரிமை உண்டு. பார்வையாளர்களுக்குப் புரியாத மொழியை நம் ஆசைக்காக அவர்கள் சுமக்க வேண்டும் என்று சொல்ல நாம் யார்? சிக்கல் பழைய சுவடிகளில்தான் இருக்கிறது. தமிழ்ச் சொற்களைக் காதால் கேட்டு மலையாள எழுத்தில் பிரதி செய்து, அந்தப் பிரதியிலிருந்து இன்னொரு பிரதி எடுத்து வந்திருக்கிறார்கள். பொருள் தெரியாத சொல்லைப் பிரதி எடுக்கிறவர் ஒவ்வொரு தடவையும் ஓரெழுத்து சறுக்குவார். ராகமும் தாளமும் பொருந்தினால் போதும், பாடிவிடலாம். நாளடைவில் சொல் தேய்ந்து ஓசை மட்டும் மிஞ்சும்.

மொழிபெயர்ப்பை வயிற்றுப்பாட்டுக்குச் செய்கிற எனக்கு இந்தச் சறுக்கல் நன்றாகவே பழக்கம். மூல வாக்கியத்தின் பொருளைத் தொலைத்துவிட்டு அதன் சந்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு பக்கம் நிரப்பிய நாட்கள் உண்டு. மறுநாள் படித்தால் வெட்கமாக இருக்கும். திருத்திக்கொள்ள மூலம் மேஜை மேல் இருக்கும். அண்ணாவிகளின் வாரிசுகளுக்கு அந்த வசதி இல்லை. தமிழும் மலையாளமும் தெரிந்தவர்கள் உட்கார்ந்து, கிடைக்கும் பிரதிகளை ஒப்பிட்டு, மலையாள எழுத்துக்கு அடியில் இருக்கும் தமிழை வெளியே எடுக்க வேண்டும். நாடகக்காரர்களை மட்டும் நம்பி இதை விட்டுவிட முடியாது. தமிழ்த் துறைகள் இறங்கிச் செய்ய வேண்டிய வேலை இது.

மீட்பின் அன்னை

கொச்சியின் காயலில் உள்ள வல்லார்பாடம் தீவு இன்று இரண்டு விஷயங்களுக்காக அறியப்படுகிறது. ஒன்று, 2011-இல் திறக்கப்பட்ட சர்வதேசக் கன்டெய்னர் முனையம். அதற்கான சாலைக்கும் ரயில் பாதைக்கும் மூலம்பிள்ளி உள்ளிட்ட இடங்களிலிருந்து 316 குடும்பங்கள் அகற்றப்பட்டதும், 2008-இல் மூலம்பிள்ளியில் வீடுகள் இடிக்கப்பட்டதும் கேரளத்தை உலுக்கிய செய்திகள். நாடகத்து ராஜ்யங்கள் சுருங்கிய அதே காலத்தில், அதைப் பார்த்து வளர்ந்த கரைகளின் நிஜ நிலமும் சுருங்கியது.

இன்னொன்று, வல்லார்பாடத்தம்மையின் தேவாலயம். போர்த்துக்கீசியர் 1524-இல் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் மாதா படம் இங்கே இருக்கிறது. இந்த மாதாவுக்கு 'மீட்பின் அன்னை' என்று பெயர். மூர்களிடம் சிறைப்பட்ட கிறிஸ்தவர்களைப் பணம் கொடுத்து மீட்பதற்காக 1218-இல் பார்சிலோனாவில் தொடங்கிய துறவியர் சபையோடு சேர்ந்து பரவிய வழிபாடு அது. காறல்மான் கதையின் அதே உலகம்தான். ஆனால் இந்த மாதாவின் கையில் வாள் கிடையாது.

1676-இல் வெள்ளத்தில் தேவாலயம் அழிந்து, படம் காயலில் மிதந்ததாம். அதை எடுத்துக் காப்பாற்றிக் கொடுத்தவர் கொச்சி அரசின் முதலமைச்சரான பாலியத்து ராமன் வலிய அச்சன் என்ற இந்து என்கிறது மரபு. படத்தை எழுதிய கை எங்கோ இருந்தது. வணங்கிய மக்கள் வேறு. தண்ணீரிலிருந்து தூக்கிய கை அவர்களுடையதும் அல்ல. தமிழ்ச் சுவடிகளும் இப்போது அப்படித்தான் மிதந்துகொண்டிருக்கின்றன. காயலோரத்து ஈரத்தில் காகிதமும் ஓலையும் அதிக நாள் தாங்காது.