அஸ்தானா: தலைநகர் என்றே பெயர் பெற்ற தலைநகர்

மத்திய ஆசிய நாடான கஜகஸ்தானின் தலைநகருக்கு வழங்கும் அஸ்தானா என்ற சொல்லுக்குக் கஜக் மொழியில் ‘தலைநகர்’ என்பதே பொருளாதலால், அதனை ஊர்ப்பெயர் என்பதைவிடப் பதவிப்பெயர் என்பதே பொருந்தும். பாரசீகத்திலிருந்து வந்த இச்சொல் அம்மொழியில் வாயிற்படியையும், அரசவையையும், இறையடியார் அடக்கத்தலத்தையும் குறித்தது. ஆஸ்தான வித்துவான் என்று தமிழில் வழங்கும் தொடரிலுள்ள ‘ஆஸ்தானம்’ வடமொழிவழி வந்ததெனினும், இரண்டும் நிற்றலைக் குறிக்கும் ஒரே பழைய வேரிலிருந்து கிளைத்தவை. நாட்டின் பெயரீற்றிலுள்ள ‘ஸ்தான்’ என்பதும் அவ்வேரினதே.

இத்தனை பொதுவான பெயர் தேவைப்பட்டதற்குக் காரணம் முந்தைய பெயர்களில் இருக்கிறது. 1830இல் ரஷ்யப் பேரரசு இஷிம் ஆற்றங்கரையில், கருந்துறை எனப் பொருள்படும் கராவோத்கெல் என்ற ஆற்றுத்துறைக்கு அருகே எழுப்பிய கோட்டையைச் சுற்றி வளர்ந்த ஊர், அக்மோலா என்ற கஜக் பெயரை ரஷ்யமாக்கி அக்மோலின்ஸ்க் எனப்பட்டது. ‘அக்’ வெண்மை, ‘மோலா’ கல்லறை. பால்பொருள்கள் மிகுந்த ‘வெண்வளம்’ என்று பொருள் கூறுவாரும் உளர். ஆனால் சொல்லின் ஈற்று உயிரொலிக்கு அதில் இடமில்லாமையால், கல்லறையை மறைக்க எழுந்த நயவுரையாகவே அது தோன்றுகிறது.

1954இல் சோவியத் தலைவர் குருஷ்சேவ் தொடங்கிய, உழப்படாத புல்வெளியைக் கோதுமை வயலாக்கும் இயக்கத்துக்கு இந்நகரம் மையமானதால், 1961இல் இதற்குச் செலினோகிராட், அதாவது ‘கன்னிநில நகரம்’, என்று பெயரிட்டனர். சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் 1992இல் அக்மோலா மீண்டது. எனினும் 1997இல் தலைநகர் அல்மாட்டியிலிருந்து இங்கு மாறியபோது, கல்லறையை நினைவூட்டும் பெயர் புதிய நாட்டின் தலைநகருக்கு உறுத்தலாயிற்று. மறு ஆண்டே வந்த அஸ்தானா அந்த உறுத்தலைத் தீர்த்தது. அதில் எவருடைய புகழும் இல்லை, எந்த இழப்பும் இல்லை.

அந்தப் பொதுமையும் நிலைக்கவில்லை. 2019 மார்ச்சில் அதிபர் நூர்சுல்தான் நசர்பாயெவ் பதவி விலகியதும், அவருக்குப் பின் பொறுப்பேற்ற தோக்காயெவ், நகருக்கு முன்னவர் பெயரையே சூட்டி நூர்-சுல்தான் என்றாக்கினார். 2022 ஜனவரிக் கிளர்ச்சியால் நசர்பாயெவின் செல்வாக்குச் சரிந்தபின், அதே ஆண்டு செப்டம்பரில் அதே தோக்காயெவ் அப்பெயரை நீக்கி அஸ்தானாவை மீட்டார். நகரின் விமான நிலையம் அதன்பின்னும் நசர்பாயெவ் பெயரையே தாங்கியிருந்தது. அதன் பன்னாட்டுக் குறியீடோ, சோவியத் ஆட்சி மறைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும், 2020 வரை செலினோகிராடின் முதலெழுத்துகளாகவே இருந்தது.