பீங்கானைத் தட்டிப் பார்ப்போம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - வேதியியல்)

பானை வாங்கப் போகும் நம் வீட்டுப் பெண்கள் அதைத் தட்டிப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை. ஆனால், வீட்டிலுள்ள பழைய பொருளை விற்கும்போது நாம் எதையும் தட்டிப் பார்ப்பதில்லை. அது என்ன பொருள், எவ்வளவு பழையது என்று அறியாமலே விலை பேசுகிறோம். இதை எனக்கு உணர்த்தியது ஒரு பீங்கான் தட்டு.

1965-இல் பர்மாவிலிருந்து கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது என் ஆயாவுக்குப் பத்து வயது. அவருடைய தாயார் புடவையில் சுற்றிக் கொண்டுவந்த பூப்போட்ட தட்டு அது. எண்ணூர்க் குடிசையில் இருந்து, பின்னர் மணலி புதுநகருக்கு எங்களோடு வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தபோதும் பரண்மேல் இருந்ததால் தப்பியது. வெள்ளம் வடிந்தபின் வந்த காயலான் கடைக்காரர் ஐம்பது ரூபாய் தருவதாகச் சொன்னார். பக்கத்துத் தெருக்காரரோ, "சீன ராஜா காலத்துச் சாமான், லட்சத்துக்குப் போகும்" என்றார். அதை நம்பி மேலும் கடன் வாங்க நினைத்தார் அப்பா. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். "நீ படிக்கிறவனாச்சே, பார்த்துச் சொல்லு" என்றார். நான் தேடி அறிந்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

பீங்கான் என்பது யாது?

கயோலின் என்னும் வெண்களிமண்ணுடன் பெல்ஸ்பார் கலந்த கல்தூளைச் சேர்த்து, ஏறத்தாழ 1300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால், மண் ஓரளவு கண்ணாடித் தன்மை அடைகிறது. அதுவே பீங்கான். சீனர்கள் காத்துவந்த இந்த இரகசியம் ஐரோப்பாவில் 1708-இல்தான் ஜெர்மானியரான பாட்கர் முயற்சியால் வெளிப்பட்டது; 1710-இல் மைசன் தொழிற்சாலை தோன்றியது. ஆனால், நம் கடற்கரைக்குப் பீங்கான் அதற்கும் வெகு முன்பே வந்துவிட்டது. இராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்துள்ளன. மலாய் மொழியில் தட்டுக்குப் 'பிங்கான்' என்றே பெயர். பொருளைப் போலவே அதன் பெயரும் கடல் கடந்து பழகியது போலும்!

சோதனைகள்

முதலாவது ஒலி. உள்ளங்கையில் ஏந்தி விரலால் மெல்லத் தட்டினால் நல்ல பீங்கான் 'கிண்' என்று ஒலிக்கும். கீறல் இருந்தால் ஒலி மழுங்கும்.

இரண்டாவது ஒளி. விளக்குக்கு எதிரே பிடித்தால் மெல்லிய பீங்கானில் நம் விரல்களின் நிழல் தெரியும். சாதாரண மண்கலத்தில் தெரியாது.

மூன்றாவது வண்ணம். கோபால்ட் நீலம் கடும் வெப்பத்தைத் தாங்கும். ஆகவே அதை முதலிலேயே தீட்டி, மேலே கண்ணாடிப் பூச்சு பூசிச் சுடுவார்கள். அது எளிதில் தேயாது. பொன்னும் பல சிவப்பு, பச்சை வண்ணங்களும் பூச்சுக்கு மேலே தீட்டப்பட்டு, ஏறத்தாழ 800 டிகிரியில் மறுபடி சுடப்படுபவை. விரலால் தடவினால் மேடு தெரியும். தேய்த்தால் நாளடைவில் போய்விடும். ஆயா சாம்பல் போட்டுத் தேய்த்ததில் எங்கள் தட்டின் பொன் விளிம்பு போனது இப்படித்தான்.

நான்காவது, கையால் தீட்டியதா, அச்சிட்டதா என்பது. உருப்பெருக்கியில் பார்த்தால் தூரிகைக் கோடு ஓரிடம் தடித்து, ஓரிடம் மெலிந்திருக்கும். ஒரு பூப்போல் மறு பூ இராது. அச்சில் கோடுகள் ஒரே சீராகவோ, சிறு புள்ளிகளாகவோ காணப்படும்.

ஐந்தாவது அடிமுத்திரை. அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தால், அங்கே செல்லும் பொருள்களில் நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் பொறிக்க வேண்டியதாயிற்று. ஜப்பானியப் பொருள்களில் 1921 வரை 'நிப்பான்' என்றும், பிறகு 'ஜப்பான்' என்றும் இருக்கும். சீனக் குயவர்களோ முன்னோர்மேல் கொண்ட மதிப்பால் பழைய அரசர் காலத்து முத்திரைகளைப் பிற்காலத்திலும் எழுதினர். எனவே முத்திரையை மட்டும் நம்புதல் தவறு.

மதிப்பு

வயது மட்டும் விலையாகாது. அருமை, வேலைப்பாடு, உடையாத நிலை, வந்த வரலாறு, வாங்குவோர் விருப்பம் ஆகிய யாவும் சேர்ந்ததே விலை. ஒரு மயிரிழைக் கீறலும் அதைப் பெரிதும் குறைத்துவிடும். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டு கடந்த கலைப்பொருள் தொல்பொருள் ஆகும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

எங்கள் தட்டு என்ன ஆயிற்று? ஒலி சற்று மழுங்கியிருந்தது. விளிம்பில் ஒரு கீறல். பூவின் ஓரக்கோடு அச்சு. உள்வண்ணம் மட்டும் கைவேலை. அடியில் சிவப்பு எழுத்தில் 'ஜப்பான்'. ஆக, 1921-க்குப் பின், 1965-க்கு முன் செய்தது. சீன ராஜாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பழம்பொருள் வணிகர் ஒருவரும் சில நூறு ரூபாய்க்கு மேல் போகாது என்றார்.

அப்பாவிடம் சொன்னேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நல்லவேளை, வட்டிக்காரர்கிட்ட இன்னும் போகல" என்றார். பழைய கடன் இன்னும் இருக்கிறது; புதிய கடன் ஏறவில்லை.

ஆயாவோ, "விக்கலன்னா குட்றா, கழுவி வெக்கிறேன்" என்று கையை நீட்டினார். சாம்பல் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

நண்பர்களே! உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு தட்டு இருக்கலாம். காயலான் கடைக்காரர் சொல்லையும் நம்பவேண்டாம், லட்சக் கதையையும் நம்பவேண்டாம். முதலில் தட்டிப் பாருங்கள்.